நான்காவது விலக்கு

அருள்புரம்
8.7.2024

மதிப்பிற்குரிய சாரதாமணி அம்மா அவர்களுக்கு,

சித்ரகலா எழுதிக்கொள்வது. ஓவர்லாக் டெய்லர். இரண்டு வருடம் முன்பு மழைத் தண்ணீர் புகுந்து வீடு போனபோது உங்கள் நிழல்கூடு அறக்கட்டளையில் மூன்று மாதம் தங்கியிருந்தோம், நான்காம் நம்பர் அறை. என் மகள் கனிஷ்கா சுவரில் கிறுக்கி வைத்ததைப் போகும்போது நானே சுண்ணாம்பு அடித்துச் சரிபண்ணிவிட்டுப் போனேன். நீங்கள்கூடப் பார்த்துச் சிரித்தீர்கள். போனில் சொன்னால் எடுபடாது, எதுவானாலும் எழுதித்தான் கொடுக்கணும் என்று உங்கள் வாட்ச்மேன் மாரப்பண்ணன் சொன்னதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் முருகேஷுக்குக் கல்லீரல் போய்விட்டது. குடித்துக் கெட்டதில்லை அம்மா, அவர் தொட்டதே இல்லை. சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். "இனி இங்க வெச்சுப் பிரயோசனமில்லீங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரியாதில்லையா.

நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்காரம்மா வேலாத்தாள் நல்ல மனுஷிதான். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. உள்ள உசுரு போயிருச்சுன்னா அப்பறம் யாருங்க குடி வருவாங்க? ஆகாத நட்சத்திரமா அமைஞ்சுட்டா ஆறு மாசம் ஊட்டையே பூட்டிப் போடோணுமுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க சாமி." இந்தச் சாவு அடைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குப் பிறகு நான் ஏறி இறங்காத லைன் இல்லை. வாடகையைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள், கண் மஞ்சளைப் பார்க்கிறார்கள், காலி இல்லை என்கிறார்கள். குண்டடத்தில் அண்ணன் இருக்கிறான். புது வீடு கட்டிப் புகுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவனும் அதையேதான் சொன்னான். இரவுத் தங்குமிடத்தில் ஆணுக்கு ஒரு இடம், பெண்ணுக்கு ஒரு இடம். எழுந்து நிற்க முடியாதவரை எப்படித் தனியாக விடுவது?

இப்போது உங்கள் கேட்டுக்கு எதிர்ப்புறம் மூடிக்கிடக்கிற பேக்கரி வாசலில் இருக்கிறோம். கனிஷ்கா அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஒரே ஒரு அறை போதும் அம்மா. எங்களால் உங்களுக்கு ரொம்ப நாள் தொந்தரவு இருக்காது. ஆவணியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
சித்ரகலா


அருள்புரம்
10.7.2024

அன்புள்ள சித்ரகலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது கண்ணு. படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அர்த்தநாரி முதலாளி கறார் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அவரே உச்சுக்கொட்டினார்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான். நீங்கள் ஏற்கெனவே ஒரு தடவை தங்கிவிட்டீர்கள். இரண்டாம் தடவை என்றால் அதற்கு விலக்கு வேண்டும். எங்கள் விதிகளில் இருப்பது மூன்றே மூன்று விலக்கு. தீயோ வெள்ளமோ வந்து வீடு அழிந்திருக்க வேண்டும். அல்லது அரசாங்கம் உத்தரவு போட்டு இடித்திருக்க வேண்டும். மூன்றாவது, கட்டினவன் கொடுமைக்குப் பயந்து பிள்ளையோடு வெளியேறின பெண்ணாக இருக்க வேண்டும். அந்த மாதிரிப் பெண்களுக்கு அன்றைக்கே அறை கொடுத்துவிடுவோம், தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டும். வீட்டுக்காரம்மா காலிபண்ணச் சொன்னார் என்பது இந்த மூன்றில் எதிலும் வரவில்லையே. நான் என்ன செய்ய?

இன்னொன்றையும் நீ யோசிக்க வேண்டும். எங்கள் வீடு, கம்பெனி, உங்கள் மாதிரி ஆட்களுக்கான அறைகள் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். போகவர ஒரே கேட். எங்கள் மகள் வர்ஷினிக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம்.

உன் வீட்டுக்காரர் உன்மேல் எப்போதாவது கை நீட்டியதுண்டா? கஷ்டத்தில் இருக்கிற ஆம்பளைகளுக்குக் கோபம் வருவது சகஜம். மறைக்காமல் எழுது. இருந்தால் உனக்கும் குழந்தைக்கும் என்னால் உதவ முடியும்.

அன்புடன்,
சாரதாமணி
தலைவர், நிழல்கூடு அறக்கட்டளை


அருள்புரம்
13.7.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இல்லீங்க அம்மா. ஒரு நாளும் இல்லை. கோபம் வந்தால் அவர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்மேல் பொய் எழுதி அறை வாங்கினால் அந்த அறையில் எனக்குத் தூக்கம் வருமா?

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்போ என்று இப்போது தோன்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மூணாவதை மறுக்காப் படி" என்றார். படித்தேன். மறுநாள் காலையிலும் படிக்கச் சொன்னார். "அன்னிக்கே குடுத்துருவாங்களா? எழுதியிருக்குதா அப்படி?" என்று கேட்டார். ஆமாங்க, எழுதியிருக்குது என்றேன். அப்புறம் நாள் முழுக்க உங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனிஷ்காவைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு தலை பின்னி விடுவார். அதையும் இரண்டு நாளாகச் செய்வதில்லை. பிள்ளை சீப்பை எடுத்துக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது அம்மா. விதியை நீங்கள்தானே எழுதினீர்கள், நீங்களே கொஞ்சம் தளர்த்தக் கூடாதா? கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ரூம் காலியாகத்தானே கிடக்கிறது.

இப்படிக்கு,
சித்ரகலா


அருள்புரம்
16.7.2024

அன்புள்ள சித்ரகலாவுக்கு,

நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் நாங்கள் யாரையும் புதிதாகக் குடிவைப்பதில்லை, ஆபத்தில் வருகிறவர்களைத் தவிர. வாட்ச்மேன் ரூமும் காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறது.

உனக்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்குக் கேட்டில் நூறு பேர் நிற்பார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கத்தான் செய்கிறார். என்னை இரக்கம் இல்லாதவள் என்று நினைக்காதே. உனக்கும் குழந்தைக்கும் கதவு திறந்தே இருக்கிறது. எப்படித் திறக்கும் என்பதையும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் என் வாயால் சொல்ல முடியாது கண்ணு.

அன்புடன்,
சாரதாமணி


அருள்புரம்
24.7.2024

அன்புள்ள சித்ரகலாவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் மாரப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கம்பெனி விடுகிற நேரம், அத்தனை பேர் பார்க்க, நம் கேட்டுக்கு முன்னாலேயே உன்னை அந்த ஆள் கன்னத்தில் அறைந்தானாமே! கேட்கக்கூடாத பேச்செல்லாம் பேசினானாம். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்களாம். உதடு கிழிந்து ரத்தம் வந்தது என்றான். நான் அப்போதே நினைத்தேன். நீதான் மூடி மூடி மறைத்தாய். பெண்கள் எல்லோரும் இப்படித்தான், புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது விலக்கு உனக்குப் பொருந்துகிறது. மாரப்பனையும் டீக்கடைக்காரரையும் சாட்சியாக எழுதிக்கொண்டேன். அதே நான்காம் நம்பர் அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டேன். இன்றைக்கே குழந்தையோடு வந்துவிடு.

ஒரு நிபந்தனை. அந்த ஆள் காம்பவுண்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. நீயும் அவனோடு எந்தப் போக்குவரத்தும் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டால் ஆபத்து என்று சொன்னதே பொய் என்றாகிவிடும், அறையும் போய்விடும்.

அன்புடன்,
சாரதாமணி


நான்காம் நம்பர் அறை
27.7.2024

அம்மா அவர்களுக்கு,

உள்ளே வந்துவிட்டோம். பிள்ளைக்காக வந்தேன். அறையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உண்மையை எழுதாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே கம்பெனி எப்போது விடும், எப்போது விடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிவிடச் சொன்னார். டாக்டரிடம் போகக் கேட்கிறார் போல என்று நினைத்துக் கட்டிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டினார் அம்மா. மாரப்பண்ணன் இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம்தான் கை ஓங்கினார்.

அவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. அடித்த வேகத்தில் அவரே விழுந்தார். தூக்கப் போனபோது என் காதருகில், "போ, பாப்பாளக் கூட்டிட்டு உள்ள போ" என்றார். அவ்வளவு மெதுவாக. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என் அம்மாவை இழுத்துத் திட்டினார். அந்த வார்த்தைகளை எங்கே கற்றுவைத்திருந்தார் என்றே தெரியவில்லை.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. நாடகமாக இருந்தாலும் அடி அடிதான், வலித்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அதைவிட, கனிஷ்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சாயங்காலமானால் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். "அப்பா நம்மளத் தேடி வந்துருமாம்மா?" என்று கேட்கிறாள். அப்பா நல்லவர் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போதாவது அவரை உள்ளே விடுங்கள் அம்மா.

இப்படிக்கு,
சித்ரகலா


அருள்புரம்
1.8.2024

அன்புள்ள சித்ரகலாவுக்கு,

நீ 27ஆம் தேதி எழுதின கடிதத்தை நான் படிக்கவில்லை. புரிந்துகொள். படித்திருந்தால் நீ அன்றைக்கே அறையைக் காலி செய்திருக்க வேண்டும். கிழித்துப் போட்டுவிட்டேன். இனி அப்படி எழுதாதே.

நீ தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போவதை மாரப்பன் பார்த்திருக்கிறான். பயந்து ஓடிவந்தவள் அடித்தவனுக்கே சோறு கொண்டுபோவாளா என்று மற்ற அறைக்காரர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது நான்தான். இன்னொரு தடவை நடந்தால் என்னால் காப்பாற்ற முடியாது.

சாரதாமணி


நான்காம் நம்பர் அறை
9.8.2024

அம்மா அவர்களுக்கு,

சோறு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். டீக்கடையில் கஞ்சி ஊற்றுகிறார்கள். வேலைக்குப் போகும்போதும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் போகிறேன். மாரப்பண்ணனைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு இது மேல். விடிந்ததும் அவர் கைத்தடியால் பேக்கரி ஷட்டரில் தட்டுவார். இருக்கிறேன் என்று அர்த்தம். நான் கேட்டுக்கொண்டு அடுப்புப் பற்றவைப்பேன். பதிலுக்கு நான் ஒன்றும் செய்வதில்லை. இது போக்குவரத்தில் சேராது என்று நினைக்கிறேன்.

தட்டுவது நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வருகிறது.

இப்படிக்கு,
சித்ரகலா


அருள்புரம்
14.8.2024

அன்புள்ள சித்ரகலாவுக்கு,

நீயே எழுதிச் சொன்னது நல்லதாயிற்று. காலையில் கேட்கிற அந்தச் சத்தம் என்னவென்று நாங்களும் குழம்பிக்கொண்டிருந்தோம். வர்ஷினி பயந்தே போய்விட்டாள்.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தக்கால் நடுகிறோம். சம்பந்தி வீட்டார் குன்னத்தூரிலிருந்து வரப்போக இருப்பார்கள். விடியக்காலத்தில் இரும்பை இப்படித் தட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு அபசகுனம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாரப்பனிடம் சொல்லி அந்தத் தடியை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடுமையாகப் பேசாதே, தன்மையாகக் கேட்டு வாங்கு என்றுதான் சொன்னேன். கல்யாணம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
சாரதாமணி


அருள்புரம்
22.8.2024

அன்புள்ள சித்ரகலாவுக்கு,

நடந்ததற்கு எப்படி ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. என்ன இருந்தாலும் தாலி கட்டியவன். மின்மயானத்துக்கு வண்டி ஏற்பாடு செய்தது எங்கள் வீட்டுக்காரர்தான், உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது நிதானமாகக் கேள். செவ்வாய்க்கிழமை விடியக்காலம் கம்பெனி வண்டிக்காகக் கேட் திறந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் வந்து கேட்டைக் கையால் தட்டியிருக்கிறார். மாரப்பன் வெளியே போகச் சொல்லியிருக்கிறான். மரியாதையாகத் திரும்பினாராம், திரும்பும்போது விழுந்திருக்கிறார். தலை கேட்டுக்கு வெளியேதான் இருந்தது என்று மாரப்பன் சத்தியம் செய்கிறான். தலை எங்கே இருந்ததோ அங்கேதான் உயிர் போனதாகக் கணக்கு. அன்றைக்குச் சதய நட்சத்திரம் என்பதால் ஊரில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். ஆறு மாதம் அடைப்பு என்கிறார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

உன் அறை விஷயம். அவரே இல்லை என்றான பிறகு அவரால் உனக்கு ஆபத்தும் இல்லை. ஆகவே மூன்றாவது விலக்கு இனி உனக்குப் பொருந்தாது. ஆனால் உன்னைத் தெருவில் விட எனக்கு மனசில்லை. நான்காவதாக ஒரு விலக்கு உண்டு. தலைவர் தன் மனசாட்சிப்படி தகுதியானது என்று கருதும் எந்தக் குடும்பத்துக்கும் மூன்று மாதம் அறை தரலாம். யாருக்கும் சொல்வதில்லை, சொன்னால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அதை உனக்காகப் பயன்படுத்துகிறேன்.

நீ செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். உன் கணவர் கேட்டுக்கு வெளியே ரோட்டில் இறந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட வேண்டும். நீ சொன்னால்தான் நம்புவார்கள் கண்ணு.

அன்புடன்,
சாரதாமணி


நான்காம் நம்பர் அறை
26.8.2024

சாரதாமணி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடியே தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் கணவர் முருகேஷ் ரோட்டில் இறந்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடக்கிறது. மழைக்காலம் வரப்போகிறது. எழுதாமல் நான் எங்கே போக?

இந்தத் தாள் உங்களுக்கு மட்டும்.

ஆக, நான்காவது ஒன்று இருந்திருக்கிறது. மூன்றே மூன்று என்று நீங்கள் எழுதின கடிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அன்றைக்கே அந்த நான்காவதை எனக்குக் கொடுத்திருந்தால் அவர் கை ஓங்கியிருக்க மாட்டார். என் பிள்ளை அவர் மடியில் தலை பின்னிக்கொண்டிருப்பாள். அவரும் ஒரு சுவருக்குள் படுத்துப் போயிருப்பார். உங்களுக்கு மனசாட்சி இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்திருக்கிறது, விதியிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஷட்டர் சத்தம் நின்ற பிறகு நான் அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குக் கேட்டில் கேட்ட சத்தம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடி வந்தேன். உங்களுக்கு முன்னால் நான்தான் வந்தேன் அம்மா. தலை வெளியே இருந்தது உண்மைதான். மாரப்பண்ணன் பொய் சொல்லவில்லை. ஆனால் கால் இரண்டும் உள்ளே இருந்தன. ஒரு செருப்பு உள்ளேயே கழன்று கிடந்தது. நான் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது மூச்சு இருந்தது. கால் விரல்கள்தான் கடைசிவரை அசைந்துகொண்டிருந்தன.

கனிஷ்காவிடம் சொன்னேன். "இனி வர மாட்டாருல்லம்மா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குத்தான் தாழ்ப்பாள் போடாமல் தூங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்த வேதனையை எழுத எனக்குத் தெரியவில்லை. என்றைக்காவது ஒருநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அப்போது உங்கள் பெயரையும் சொல்ல வேண்டிவரும்.

ஜோசியம் பார்க்கிற குருசாமியிடம் போயிருந்தேன். சதயம், ஆறு மாசம் என்றார். "எந்த ஊட்டைங்க அம்மணி பூட்டோணும்?" என்று கேட்டார். எங்களுக்கு வீடே இல்லீங்களே என்றேன். பஞ்சாங்கத்தை மறுபடி புரட்டினார். பூட்டுவதற்கு வீடு இல்லையென்றால் உயிர் போன இடத்திலாவது அடைப்புத் தீரும்வரை தினமும் விளக்கு வைக்கச் சொன்னார். கேட்டுக்கு உள்ளே, அந்தக் கால்கள் கிடந்த இடத்தில், நான்கு நாளாக ஒரு அகல் வைத்து வருகிறேன். நேற்று உங்கள் கார் உள்ளே வரும்போது டிரைவர் நிறுத்தி, சுற்றிக்கொண்டு போனார். முன் ஸீட்டில் வர்ஷினி பாப்பா இருந்தது. மாரப்பண்ணன் விளக்கைத் தொட மாட்டேன் என்கிறார். அவருக்கும் பயம் வந்துவிட்டது. முகூர்த்தக்காலுக்கு மஞ்சள் பூசினவர்களும் அந்தப் பக்கம் வராமல் தள்ளித்தான் நடக்கிறார்கள்.

விதிகளை எல்லாம் மறுபடி படித்துப் பார்த்தேன். விளக்கு வைக்கக் கூடாது என்று எதிலும் இல்லை.

விளக்கு ஆறு மாதம் எரிய வேண்டும். எனக்கு நீங்கள் அறை கொடுத்திருப்பது மூன்று மாதம். மீதி மூன்று மாதத்துக்கு ஐந்தாவதாக ஏதாவது விலக்கு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
சித்ரகலா